வெளுக்காத ஜன்னல்

தரைக்கு அடியில் இறங்கி
மின்படிகளில் மேலே மேலே போனால்
தரைக்கு மேல் இன்னொரு ரயில் நிற்கும்.
புக்கிட் பாஞ்சாங்கில்
மண்ணை மிதிக்காமலே
வண்டி மாறிவிடலாம்.

பகல் பதினொன்றேகால். எனக்குக் காய்ச்சல்.
ரோச்சோரில் ஒரு பல் மருந்தகத்தில்
பெயர் கூப்பிடுகிற வேலை.
நான்கு பெயர்களைத் தப்பாகக் கூப்பிட்டதும்
டாக்டரே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

மேலே ஓடுவது ஓட்டுநர் இல்லாத இலகு ரயில்.
முன்கண்ணாடி ஓரம் ஒரு சின்னப் பையன்
பிஸ்கட் டின் மூடியை இடமும் வலமும் திருப்பி
எங்கள் ஏழு பேரையும்
பத்திரமாக ஓட்டிக்கொண்டு போனான்.

நிலையங்களின் பெயர்கள் மலாய்.
பெத்திர் என்றால் இடி. பங்கிட், எழு.
ஃபஜார் விடியல், செஞ்சா அந்தி.
அரைமணிக்குள் ஒரு முழு நாளைச் சுற்றிவிட்டுப்
புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும் வண்டி.
வீடு வாங்கிய புதிதில் லிங்கேஷ் சொன்னது.
நடுவில் பெண்டிங் என்று ஒரு நிலையம்.
"அது மட்டும் இங்கிலீஷ்" என்பார்
வீட்டுக் கடனை நினைத்து.

அடுக்குமாடிகளை ஒட்டிப் போகையில்
ஜன்னல்கள் தாமாகவே வெளுத்துவிடும்,
யார் வீட்டுக் கழியில் என்ன காய்கிறதென்று
யாரும் பார்த்துவிடாதபடி.
நான்காம் மாடிக்காரர்களான எங்களுக்கு
வண்டி செய்கிற மரியாதை அது.

அன்று ஒரு ஜன்னல் வெளுக்கவில்லை.

பங்கிட் தாண்டி வளைவில்
எங்கள் புளோக் வந்தது.
என் பச்சைத் துண்டு வந்தது.
கூடத்தில் லிங்கேஷ்.
காலையில் நான் தேய்த்துக் கொடுத்த சட்டை.
கழுத்து நாடாவில் அலுவலக அட்டை.
மேசைமேல் செய்தித்தாளை விரித்துக்
கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மூன்று வாரமாக எங்கள் வீட்டுக்கு
ஆய்ந்த கீரைதான் வருகிறது.
கடையில் இப்போதெல்லாம்
அப்படித்தான் விற்கிறார்கள் என்றார்.
நானும் விலை கேட்டு வியந்தேன்.

பையன் மூடியை விட்டுவிட்டுக் கைகாட்டினான்.
அவர் நிமிர்ந்து
கீரைத் தண்டோடு கையை உயர்த்தி
அவனுக்கு அசைத்தார்.
அவனுக்கு மட்டும்.

ஃபஜாரில் கதவு திறந்தது.
மூடுகிறது என்று அறிவிப்பும் வந்தது.
நான் எழுந்திருக்கவில்லை.

செகார், ஜெலாப்பாங், செஞ்சா,
மறுபடி புக்கிட் பாஞ்சாங்.
இறங்கித் தூணோரம் நின்றேன்.
கீழிருந்து ஒரு பெருவிரைவு ரயில் கூட்டம்
ஏறி வந்து
என்னைச் சுற்றிக்கொண்டு போனது.
கைப்பேசியில் எழுதினேன். அழித்தேன்.
"ஏன் சொல்லல" என்றிருந்ததை அழித்து
"காய்ச்சல். வீட்டுக்கு வர்றேன்.
இருபது நிமிஷம்" என்று அனுப்பினேன்.
அவர் எழுதுகிறார் என்று காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது.
"சரி."

இருபது நிமிடத்தில்
சட்டை மாற்றிக்கொண்டு
எங்கேயாவது போய்விடலாம் ஒரு மனிதர்.
போகாமலும் இருக்கலாம்.
அடுத்த மூன்று வண்டிகளை விட்டு
நான்காவதில் ஏறினேன்.

அதில் எல்லா ஜன்னலும் ஒழுங்கு.
வளைவில் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது கண்ணாடி.
அந்த வெள்ளையிலேயே நெற்றியைச் சாய்த்தேன்.
குளிர்ச்சியாக இருந்தது.

ஃபஜார் நிலையத்துக் கதவுக்கு வெளியே
நின்றுகொண்டிருந்தார்.
அதே சட்டை. வீட்டுச் செருப்பு.
நாடா இல்லை.
என் நெற்றியில் கை வைத்தார்,
விரல் நுனியெல்லாம் பச்சை, கீரை வாசம்.

"எத்தனை நாளா?" என்றார்,
நான் கேட்க வைத்திருந்ததை.

"இன்னைக்குத்தான் தெரிஞ்சது" என்றேன்.

குடையை விரித்தார்.
மழை இல்லை. வெயிலும்
அவ்வளவாக இல்லை.